தோட்டத்தில் கண்ணில் அடிபட்டால்: முதல் நாளில் என்ன செய்வது, செலவை யார் ஏற்பது?

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்குக் கண்ணில் அடிபடுவது புதிய விஷயமல்ல. செம்பனைக் குலையை அண்ணாந்து பார்த்து வெட்டும்போது தூசி விழும், முள் தெறிக்கும், மட்டையின் நுனி கண்ணைக் கீறும். புல்லுக்கு மருந்து அடிக்கும்போது காற்று திரும்பினால் மருந்துத் துளி முகத்தில் படும். பெரும்பாலானோர் சொல்வது ஒன்றுதான்: "தூசிதானே, நாளைக்குப் பார்த்துக்கலாம்."

அந்த "நாளைக்கு" என்ற சொல்லில்தான் பலருடைய பார்வை போகிறது. சிகிச்சைக்கும் நிவாரணத்துக்கும் உள்ள வழி அடைபடுவதும் அதில்தான். கண் காயத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று கண்ணுக்கானது, இன்னொன்று பதிவுக்கானது. இரண்டையும் முதல் நாளிலேயே கவனிப்பது எப்படி என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

தோட்ட வேலையில் கண் காயம் எப்படி ஏற்படுகிறது?

மலேசியாவில் வணிக முறையில் செம்பனை நடப்பட்ட முதல் தோட்டம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லும் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமாரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு அந்த நடவு தொடங்கியது. நூறு ஆண்டுகள் கடந்தும் குலை வெட்டும் முறை அதிகம் மாறவில்லை. மரம் சிறியதாக இருக்கும்வரை உளி, உயர்ந்த பிறகு நீண்ட கம்பில் கட்டிய அரிவாள். இரண்டிலும் வெட்டுபவரின் முகம் மேலே திரும்பியே இருக்கும். அதனால் விழும் எதுவும் நேராகக் கண்ணுக்கே வரும்.

காயங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கருவிழியில் கீறல். கண்ணின் முன்பகுதியிலுள்ள கண்ணாடி போன்ற படலம்தான் கருவிழி. முள், ஓலை, தூசி பட்டால் அதில் கீறல் விழும். பார்ப்பதற்குச் சிறியதாக இருந்தாலும், செடியிலிருந்து வரும் பூஞ்சைக் கிருமி இந்தக் கீறல் வழியாகத்தான் உள்ளே போகிறது.

இரண்டாவது, துளைக்கும் காயம். முள்ளோ, உளியைச் சாணை பிடிக்கும்போது தெறிக்கும் இரும்புத் துகளோ கண்ணுக்குள்ளேயே போய்விடலாம். சில நேரம் வலி குறைவாகத்தான் இருக்கும். அதை நம்பி ஏமாறக் கூடாது.

மூன்றாவது, மொத்தமாகப் படும் அடி. மட்டையோ உதிரிப் பழமோ கண்ணில் விழுந்தால் உள்ளே இரத்தம் கட்டலாம். பிறகு புரை விழலாம், கண் அழுத்தமும் கூடலாம். இந்தப் பாதிப்பு சில வேளைகளில் ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும்.

நான்காவது, இரசாயனம். களைக்கொல்லி, உரம், பால்மரத் தோட்டங்களில் பயன்படும் அமோனியாவும் பார்மிக் அமிலமும் இதில் அடங்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி கண்ணில் பட்டால், முதலில் இலேசாகத் தோன்றும் எரிச்சல் அடுத்தடுத்த நாட்களில் மோசமாகலாம். மருந்து அடிக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்களே இருந்தார்கள். அவர்களின் உடல்நலப் பாதிப்புகளை 2002-இல் தெனாகானித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் ஓர் அறிக்கையாக வெளியிட்டன. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட பாராகுவாட் தடை 2006-இல் தளர்த்தப்பட்டது. பிறகு 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை நடப்புக்கு வந்தது. பாராகுவாட் போய்விட்டாலும் மற்ற மருந்துகள் தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கின்றன. கண்ணுக்கு அவையும் ஆபத்தானவையே.

முதல் 18 மணி நேரம் ஏன் முக்கியம்?

நேப்பாளத்தின் பக்தபூரில் நடந்த ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. கருவிழியில் கீறல் பட்ட கிராம மக்களுக்குச் சாதாரண கிளோரம்பெனிகோல் களிம்பு, நாளுக்கு மூன்று முறை என மூன்று நாட்களுக்குக் கொடுக்கப்பட்டது. 100-இல் 96 பேருக்குக் கிருமித் தொற்று இல்லாமல் ஆறியது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூட கருவிழிப் புண் வரவில்லை.

அந்த 18 மணி நேரத்தைத் தோட்ட வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். காலை 9 மணிக்கு அடிபட்டால் மறுநாள் அதிகாலை 3 மணிக்குள் முடிந்துவிடும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றால் பாதுகாப்பான நேரம் தாண்டிப் போகிறது என்றுதான் பொருள்.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டின் மதுரை மாவட்டம் காட்டியது. 1996-இல் வெளியான கணக்கின்படி அங்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் ஏற்பட்டது. அமெரிக்காவில் அந்த எண்ணிக்கை 11 மட்டுமே. வயல் வேலையும் செடிகளால் ஏற்படும் காயமுமே இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம். பூஞ்சைப் புண் வந்துவிட்டால் மருந்தை வாரக்கணக்கில், மணிக்கு ஒருமுறைகூட விட வேண்டியிருக்கும். ஆறிய பிறகும் வெள்ளைத் தழும்பு விழுந்து பார்வையை மறைக்கலாம். ஒரு களிம்பில் முடிய வேண்டிய விஷயம் மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு அலையும் நிலைக்குப் போவது இப்படித்தான்.

அடிபட்டவுடன் என்ன செய்ய வேண்டும்?

மருந்தோ அமிலமோ பட்டால்: உடனே சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போதாது. குறைந்தது 15 முதல் 30 நிமிடம், இமையை விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். குடிக்கக் கொண்டுபோன தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை. கழுவிய பிறகுதான் கிளினிக். மருந்து டின்னையோ அதன் லேபிளையோ கையோடு கொண்டு போங்கள்.

முள்ளோ இரும்போ குத்தியிருந்தால்: பிடுங்க வேண்டாம், கழுவ வேண்டாம், அழுத்த வேண்டாம். காகிதக் கோப்பையின் அடிப்பகுதியை வெட்டிக் கண்ணின் மேல் படாதபடி கவிழ்த்து, ஓரங்களை ஒட்டிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பிட வேண்டாம்.

தூசியோ ஓலைக் கீறலோ என்றால்: கசக்காதீர்கள். தண்ணீரால் கழுவியும் உறுத்தல் போகவில்லை, கண் சிவந்திருக்கிறது, வெளிச்சம் பார்க்கக் கூசுகிறது என்றால் அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

செய்யவே கூடாதவையும் உண்டு. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தும்பைப்பூச் சாறு, நந்தியாவட்டைப் பூச்சாறு போன்றவற்றைக் கண்ணில் விடுவது நம் வீடுகளில் பழைய பழக்கம். அடிபடாத கண்ணில் அது எப்படியோ போகட்டும். கீறல் உள்ள கண்ணில் அது கிருமியை உள்ளே அனுப்பும் வழி. அதேபோல், முன்பு யாருக்கோ கொடுத்த சொட்டு மருந்தை எடுத்து விடாதீர்கள். அதில் ஸ்டெராய்டு இருந்தால் பூஞ்சைப் புண்ணை வேகமாக வளர்த்துவிடும்.

எங்கே போவது?

தோட்டத்தில் டிஸ்பென்சரி இருந்தால் முதலில் அங்கே மருத்துவ உதவியாளரைப் பாருங்கள். நம் ஆட்கள் "டிரஸர்" என்பது இவரைத்தான். டிஸ்பென்சரி இல்லாவிட்டால் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போகலாம். பார்வை மங்கினாலோ, ஏதாவது குத்தியிருந்தாலோ, மருந்து பட்டிருந்தாலோ தஞ்சோங் காராங், கோல குபு பாரு, சபாக் பெர்ணம் ஆகிய இடங்களிலுள்ள அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குப் போய்விடலாம். கடுமையான காயம் என்றால் அங்கிருந்து சுங்கை பூலோ, செலாயாங், கிள்ளான் போன்ற பெரிய மருத்துவமனைகளின் கண் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

அரசாங்க மருத்துவமனையில் எவ்வளவு ஆகும்?

குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு 3 ரிங்கிட். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 40 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 120 ரிங்கிட். வார்டில் சேர முன்பணமும் கேட்கப்படும்.

அப்படியென்றால் நம் மக்கள் "செலவு தாங்கலை" என்று சொல்வது ஏன்? மருத்துவமனை பில்லைத் தாண்டித்தான் செலவு இருக்கிறது. புரை எடுத்த கண்ணுக்கு வைக்கும் செயற்கை லென்ஸ் போன்ற பொருள்களை நோயாளியே வாங்க வேண்டி வரலாம். வாரம் ஒருமுறை சுங்கை பூலோவுக்கோ செலாயாங்குக்கோ போய்வர வேண்டும். தோட்டத்திலிருந்து நேரடிப் பேருந்து இல்லாதவர்கள் வாடகைக் காரைத்தான் நம்ப வேண்டும். ஒரு கண் கட்டியிருப்பவரைத் தனியாக அனுப்ப முடியாது, அதனால் கூடப் போகிறவருடைய கூலியும் போகும். குலைக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவருக்கு வெட்டாத நாளில் வருமானம் இல்லை. கூட்டிப் பார்த்தால் 5 ரிங்கிட் சிகிச்சைக்கு ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் வருமானம் போயிருக்கும். பாதியிலேயே சிகிச்சையை விடுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் தோற்றவர்கள்தான்.

வேலையில் பட்ட காயம் என்றால் பெர்கேசோ என்ன தரும்?

பெரியவர்கள் சொக்சோ என்று சொல்லும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்தான் பெர்கேசோ. 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேலையிடக் காயத்துக்குக் கிடைக்கும் முக்கிய உதவிகள் இவை.

மருத்துவ உதவி: பெர்கேசோ பட்டியலிலுள்ள கிளினிக்கிலும் அரசாங்க மருத்துவமனையிலும் குணமாகும்வரை இலவசச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைக்குப் போனால் முழு பில்லும் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். போவதற்கு முன்பே பெர்கேசோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தற்காலிக இயலாமைத் தொகை: அடிபட்ட நாளையும் சேர்த்து எம்.சி. 4 நாட்களுக்குக் குறையாமல் இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். மாதம் 1,700 ரிங்கிட் வாங்குபவருக்கு நாளுக்குச் சுமார் 45 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிரந்தர இயலாமைத் தொகை: பார்வை திரும்பவில்லை என்றால் மருத்துவ வாரியம் இழப்பை விழுக்காட்டில் மதிப்பிடும். நாள் சம்பளத்தின் 90 விழுக்காட்டை அடிப்படையாக வைத்து இந்தத் தொகை கணக்கிடப்படும். உதாரணமாக, 1,700 ரிங்கிட் சம்பளக்காரருக்கு வாரியம் 30 விழுக்காடு என்று முடிவு செய்தால், மாதம் ஏறக்குறைய 450 ரிங்கிட் வரும். மதிப்பீடு 20 விழுக்காட்டுக்கு மேல் போகாவிட்டால் மொத்தமாக ஒரே தொகையாகத் தரப்படலாம். அதற்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மொத்தமாக வாங்கிக்கொண்டு மீதியை ஆயுள் முழுதும் மாதாமாதம் பெறலாம். முடிவில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம். கால வரம்பு உண்டு என்பதால் கடிதம் கையில் கிடைத்தவுடனே கேட்க வேண்டும்.

மறுவாழ்வு: 2007-இல் தொடங்கிய "மீண்டும் வேலைக்கு" திட்டத்தின் வழி, பழைய வேலையைச் செய்ய முடியாதவர்களுக்கு வேறு வேலைக்கான பயிற்சியும் உதவியும் உண்டு.

வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் இதில் அடங்கும். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலையிடக் காயத் திட்டம் பொருந்தும்.

"ரிப்போர்ட் வேண்டாம், செலவை நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால்?

இந்தப் பேச்சு பல இடங்களில் கேட்கிறது. காண்ட்ராக்டரோ மண்டோரோ தனியார் கிளினிக்குக்கு அழைத்துப்போய், கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, "வீட்டுல அடிபட்டதுன்னு சொல்லிடு" என்பார். அந்த நேரத்துக்கு அது உதவி போலத் தெரியும். ஆனால் கிளினிக் ஏட்டில் "வீட்டில் விழுந்தார்" என்று எழுதப்பட்டுவிட்டால், பிறகு அது வேலையிடக் காயம் என்று நிரூபிப்பது மிகவும் கடினம். மொத்தமாகப் பட்ட அடியில் புரையோ கண் அழுத்தமோ சில ஆண்டுகள் கழித்து வரலாம் என்று முன்பே பார்த்தோம். அன்று வாங்கிய இருநூறு முந்நூறு ரிங்கிட் அப்போது எதற்கும் காணாது.

அதனால் முதல் நாளில் மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: எந்தத் தோட்டம், என்ன வேலை, எத்தனை மணி, என்ன பட்டது. "வேலை செய்யும்போது" என்ற சொல் ஏட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ் தெரியாத மருத்துவர் என்றால், "கெனா மாசா கெர்ஜா" என்று மலாயில் சொன்னாலே போதும்.

முதலாளிக்குத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் பெர்கேசோவுக்கு விபத்தைத் தெரிவிக்க வேண்டும். அவர் செய்யவில்லையென்றால் நீங்களே நேரடியாக பெர்கேசோவை அணுகலாம். தொலைபேசி எண் 1-300-22-8000. முதலாளி சந்தா கட்டவில்லை என்று தெரிந்தாலும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். சந்தா கட்டாதது முதலாளியின் குற்றம், உங்களுடையது அல்ல.

கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை நகல், எல்லா எம்.சி.க்களும், விபத்து நாளைக் காட்டும் வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, மருத்துவமனை அட்டை, மருந்து ரசீதுகள், வங்கிக் கணக்கு எண். வழியில் நடந்த விபத்து என்றால் போலீஸ் புகாரும் வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தவரின் பெயரை அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைச் செய்யத் தெரியவில்லை என்றால், நீங்கள் உறுப்பினராக இருந்தால், தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் உதவியைக் கேட்கலாம்.

பெயர் பதிவில் இல்லாதவர்கள்?

இதுதான் பெரிய ஓட்டை. கணவர் பெயரில் வேலை, மனைவி பின்னால் போய் உதிரிப் பழம் பொறுக்குவார். பள்ளி விடுமுறையில் பிள்ளையும் போகும். அடிபட்டால் தொழிலாளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. வேலை செய்கிற யாராக இருந்தாலும் பெயர் பதிவு செய்யச் சொல்லிக் கேட்பதுதான் இதற்கு முதல் பாதுகாப்பு.

சொந்தமாகச் சிறு நிலம் வைத்திருப்பவர்களும் தனியாகக் குலை வெட்டிப் பிழைப்பவர்களும் 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சந்தா கட்டலாம். ஆண்டுக்கு 157 ரிங்கிட் 20 சென்னிலிருந்து திட்டங்கள் உண்டு. இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பரிலிருந்து ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் தனித் திட்டம் இருக்கிறது. ஆனால் அது வீட்டு வேலையின்போது ஏற்படும் விபத்துக்கானது.

வேலைக்குச் சம்பந்தமில்லாத காயம் என்றால்?

மருத்துவமனையில் இருக்கும்போதே மருத்துவ சமூகநலப் பிரிவைக் கேளுங்கள். லென்ஸ், கருவி, விலை உயர்ந்த மருந்து வாங்க முடியாதவர்களின் நிலையை விசாரித்து, சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க அவர்கள் வழிகாட்டுவார்கள். அரசாங்க ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் உண்டு. அதில் கண் லென்ஸ் உள்ளிட்ட மருத்துவப் பொருள்களுக்கு 20,000 ரிங்கிட் வரை உதவி இருக்கிறது. எது கேட்பதாக இருந்தாலும் பொருளை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். வாங்கிவிட்டு ரசீதைக் காட்டினால் பணம் கிடைக்காமல் போகலாம்.

ஒரு கண்ணோடு வாழப் பழகுவது எப்படி?

ஒரு கண் பார்வை போனவருக்கு முதலில் தடுமாறுவது தூரக் கணக்கு. கோப்பையில் தண்ணீர் ஊற்றினால் வெளியே சிந்தும், படியிறங்கும்போது கால் தவறும். சில மாதங்களில் மூளை பழகிக்கொள்ளும். தலையை இலேசாகத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வரும். அதுவரை மோட்டார் ஓட்டுவதற்கும் உயரமான மரத்தில் குலை வெட்டுவதற்கும் மருத்துவரின் அனுமதி வேண்டும்.

கோபமும் சலிப்பும் வருவதும் இயல்புதான். "இத்தனை வருசம் உழைச்சேன், கடைசியில இதுதானா" என்ற நினைப்பு தூக்கத்தைக் கெடுக்கும். வீட்டில் உள்ளவர்கள் அதைச் சிடுசிடுப்பு என்று ஒதுக்காமல், அடுத்த மருத்துவமனைத் தேதிக்குக் கூடப் போவதே பெரிய துணை. மிச்சமிருக்கும் கண்ணுக்கு எப்போதும் உடையாத பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். அடிபட்ட கண் ஆறிவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடிக்குக் காசு யார் கொடுப்பது?

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்புக்காகத் தரப்படும் பொருளுக்குத் தொழிலாளரிடம் முதலாளி பணம் பிடிக்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கண்ணாடி கொடுத்தாலும் வியர்வையில் ஆவி படிந்து மறைக்கிறது என்று பலர் கழற்றிவிடுகிறார்கள். அது நியாயமான குறைதான். குலை வெட்டுபவர்கள் ஆவி படியாத கம்பி வலைக் கண்ணாடியைக் கேட்கலாம். மருந்து அடிப்பவர்களுக்கு வலை உதவாது, முழுதும் மூடிய கண்ணாடியும் முகக் கவசமும்தான் வேண்டும்.

சுருக்கமாக

மருந்து பட்டால் முதலில் கழுவுங்கள். குத்தியிருந்தால் தொடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். கீறல் என்றால் அன்றைக்கே கிளினிக். எங்கே போனாலும் வேலையில் பட்டது என்று சொல்லி, அதை எழுத வையுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தகவல் போனதா என்று கிராணியிடம் கேளுங்கள். எம்.சி.யையும் ரசீதுகளையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.